வாடகை வீட்டில் கரண்ட் இல்லையா? இருட்டு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்

கரண்ட் போனதும் வாடகைக்கு இருப்பவர் செய்யும் முதல் வேலை, வீட்டுக்காரருக்குப் போன் அடிப்பது. வீட்டுக்காரர் செய்யும் முதல் வேலை, "லைன்லதான் ஏதோ, வந்துடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது. இருவரில் ஒருவரும் எழுந்துபோய் மின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் பதினோரு வருடம் வாடகை வீடுகளில் இருந்தவன். இப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் போன் அடித்தவன், இன்று அதே போனை எடுப்பவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: யாருக்கு என்ன உரிமை, யார் செலவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. இருட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

தெருக் கம்பியிலிருந்து மீட்டர் வரை மின் நிறுவனத்தின் கை. மீட்டரிலிருந்து சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் வரை வீட்டுக்காரர் கை. அந்தப் பாயின்ட்டில் நீங்கள் செருகும் பொருள் உங்கள் கை. நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயர் மாறினாலும் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் பிரியும். விலக்குகள் உண்டு, அந்தந்த இடத்தில் வரும்.

இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று பார்வை போதும். ஜன்னல் வழியாகத் தெருவைப் பாருங்கள். கதவைத் திறந்து மாடிப்படி விளக்கைப் பாருங்கள். பிறகு வீட்டுக்குள் எம்.சி.பி.கள் (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்சுகள்) இருக்கும் பெட்டியைப் பாருங்கள். எரிந்த வாடை, பெட்டியில் சூடு, "சிர்ர்" என்ற சத்தம், பெட்டி மேல் தண்ணீர்க் கசிவு, இதில் ஒன்று இருந்தாலும் கை வைக்காதீர்கள். தள்ளி நின்று மின் நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

தெரு முழுக்க இருட்டு

இதற்கு வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததற்கு அவர் என்ன செய்வார்? ஒரு நாள் கரண்ட் இல்லை, ஒரு நாள் வாடகையைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளி மின்தடைக்கு அது பெரும்பாலும் எடுபடாது. நஷ்டஈடு என்று ஒன்று இருந்தால் அது மின் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள், சேவைத் தரம் தவறும் நிறுவனம் நுகர்வோருக்கு ஈடு தர வேண்டும் என்கின்றன. பிரிட்டனிலும் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மின்தடை நீண்டால் நிறுவனம் தர வேண்டிய தொகை வரையறுக்கப்பட்டிருக்கிறது. அங்கே எந்த நிறுவனத்தின் பகுதியாக இருந்தாலும் 105 என்ற ஒரே எண்ணில் மின்தடையைச் சொல்லலாம்.

இதில் வாடகைதாரர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். புகார் எண்ணில் கூப்பிட்டால் முதல் கேள்வியே நுகர்வோர் எண் என்ன என்பதுதான். அது உங்களிடம் இருக்காது. பழைய பில் ஒன்றை இன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவே இருட்டானாலும் வீட்டுக்காரர் பொறுப்பு முழுதாக நீங்கிவிடுவதில்லை. மாடிப்படியில் அவசர விளக்கு எரிகிறதா, லிஃப்டில் ஆள் மாட்டினால் யாரைக் கூப்பிடுவது, மோட்டார் ஓடாமல் தொட்டி காலியானால் தண்ணீருக்கு என்ன வழி என்பதெல்லாம் கட்டடத்தை வைத்திருப்பவர் யோசித்து வைத்திருக்க வேண்டியவை. ஒப்பந்தத்தில் "பவர் பேக்கப் உண்டு" என்று எழுதி, மாதாமாதம் அதற்குப் பணமும் வாங்கினால் அது நீங்கள் விலை கொடுத்து வாங்கிய சேவை. ஜெனரேட்டர் மூன்று மாதமாக ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அந்த மூன்று மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: பல ஒப்பந்தங்களில் பேக்கப் என்பது லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டும்தான். குடிவரும் முன்பே எந்தெந்தப் பாயின்ட் அதில் ஓடும் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தால் தகராறே இல்லை.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பது சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைய அடைத்த ஃபிரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு செல்லாது.

தெருவில் இருக்கிறது, நம் கட்டடத்தில் மட்டும் இல்லை

மெயின் ஃபியூஸ், கட்டடத்துக்கு வரும் கேபிள், மெயின் சுவிட்ச் இவற்றில் ஒன்று போயிருக்கும். மீட்டர் அறைக்குள் நீங்கள் இறங்கி ஆராய வேண்டாம். சீல் வைத்த பகுதியை நிறுவனத்தின் ஆள் தவிர வேறு யாரும், வீட்டுக்காரர் அழைத்து வரும் வயர்மேன் உட்பட, திறக்கக் கூடாது. சீலுக்குப் பிறகு உள்ளது உரிமையாளர் அல்லது அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தின் வேலை. "சங்கத்துல பேசுங்க" என்று வீட்டுக்காரர் உங்களைத் தள்ளிவிட்டால், உங்கள் ஒப்பந்தம் அவரோடுதான், சங்கத்தோடு இல்லை என்பதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். சங்கத்தோடு பேச வேண்டியவர் அவர்.

பக்கத்து வீட்டில் இருக்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை

மீட்டரின் திரையைப் பாருங்கள். திரையே செத்துக் கிடந்தால் பெரும்பாலும் மீட்டருக்கு முன்னாலேயே கோளாறு, நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். திரை எரிகிறது, வீடு இருட்டு என்றால் மூன்று வாய்ப்பு. ஸ்மார்ட் அல்லது பிரீபெய்டு மீட்டராக இருந்து பணம் தீர்ந்து இணைப்பு நின்றிருக்கலாம். மெயின் சுவிட்சோ, கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்சோ கீழே இறங்கியிருக்கலாம். அல்லது மீட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒயர் போயிருக்கலாம். முதல் வாய்ப்பைத் தனியே பின்னால் பார்ப்போம். மூன்றாவது சந்தேகமில்லாமல் வீட்டுக்காரர் வேலை. இரண்டாவதில்தான் சண்டை வரும்.

சுவிட்சைத் தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். "உங்க வீட்டு ஒயரிங் சரியில்லை" என்று குடியிருப்பவர், "நீங்க என்னத்தையோ போட்டு இழுக்கிறீங்க" என்று உரிமையாளர். பத்து நிமிடச் சோதனையில் தீர்வது, பத்து நாள் மனத்தாங்கலாக மாறும்.

விழுவது எது என்று முதலில் பாருங்கள். அகலமாக, 'டெஸ்ட்' பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால், அதாவது எங்கோ கசிந்தால், அது விழும். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளேயே விழக்கூடியது. உயிரைக் காப்பது இதுதான். ஒல்லியாக வரிசையில் இருப்பவை எம்.சி.பி.கள். அவை ஒயரைக் காக்க வந்தவை. அளவுக்கு மீறிய லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும். இரண்டு வேலையையும் ஒரே பொருள் செய்யும் வகையும் உண்டு.

ஆர்.சி.சி.பி. விழுந்தால்: எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள். வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவவே வேண்டும். ஒரு சாமானுக்குள் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த் ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி. அணைந்திருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழலாம். இதைத் தெரியாமல் ஒரு வயர்மேன் அரை நாள் சுவரைக் குடைந்ததை நின்று பார்த்திருக்கிறேன். இப்போது ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் கோளாறு ஆர்.சி.சி.பி.யிலோ நிலையான ஒயரிங்கிலோ இருக்கிறது. போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். நின்றால் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். பிளக் எதுவும் செருகாத நிலையில் ஒரு குறிப்பிட்ட எம்.சி.பி.யைத் தூக்கியதும் விழுகிறதா? அந்த லைனின் ஒயர், விளக்கு ஹோல்டர், குளியலறைப் பாயின்ட், மழை படும் வெளி விளக்கு, இவற்றில் ஏதோ ஒன்று. அதுவும் வீட்டுக்காரர் பக்கம்தான். எல்லாம் நின்று, கடைசியில் ஒரு சாமானைச் செருகியதும் விழுந்தால் குற்றவாளி அந்தச் சாமான். அது யாருடையதோ அவர் செலவு. வீட்டோடு சேர்த்து வீட்டுக்காரர் கொடுத்த வாட்டர் ஹீட்டர் என்றால் அவருடையது, நீங்கள் கொண்டுவந்தது என்றால் உங்களுடையது. இந்த இடத்தில் ஒப்பந்தத்தோடு இணைத்த சாமான் பட்டியல் தங்கம்.

எம்.சி.பி. விழுந்தால் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். தூக்கிய நொடியே 'டப்' என்று விழுந்தால் ஷார்ட். ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே லைனில் ஓடிக்கொண்டிருக்கையில் சில நிமிடம் கழித்து விழுந்தால் லோடு. இரண்டில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள்.

இங்கே ஒரு தகாத வைத்தியம் நடக்கும். அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 போட்டுவிட்டுப் போவார்கள். விழுவது நின்றுவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே பழைய ஒயர்தான். எம்.சி.பி. விழுந்து காப்பாற்றிய ஒயர் இனிமேல் வெந்து உருகும். வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் இப்படிச் செய்தால், "ஒயரின் தடிமன் இதற்குத் தாங்குமா என்று எழுதித் தருவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் பழைய எம்.சி.பி. திரும்பி வந்துவிடும்.

சின்னச் செலவு யாருடையது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. 2021-ல் இந்திய மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணை, உள் ஒயரிங்கையும் வெளி ஒயரிங்கையும் உரிமையாளர் தலையிலும், சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் பழுதைக் குடியிருப்பவர் தலையிலும் வைக்கிறது. அது மாதிரிதான், மாநிலம் தனக்கென்று இயற்றினால்தான் அங்கே சட்டம். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வேறு மாதிரி. 7 வருடத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் மின்சாரம் தரும் அமைப்பைப் பழுதில்லாமல் வைப்பது உரிமையாளர் கடமை. அது போதாதென்று 2020-ல் வந்த விதிகளின்படி தனியார் வாடகை வீடுகளின் ஒயரிங்கை 5 வருடத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதித்து அறிக்கை தர வேண்டும். குறை சொல்லப்பட்டால் 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைவான நாள் குறித்திருந்தால் அதற்குள், சரிசெய்ய வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இருந்தால் வீட்டுக்காரரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். ஒயரிங் வாக்குவாதம் பாதியில் நின்றுவிடும்.

பாதி வீட்டில் இருக்கிறது, அல்லது விளக்கு விசித்திரமாக எரிகிறது

ஒரு அறை மட்டும் இருட்டு, அதன் எம்.சி.பி.யும் மேலேதான் இருக்கிறது என்றால் மூன்று பேஸ் (கரண்ட் கொண்டுவரும் மூன்று தனித்தனி ஒயர்) வரும் வீட்டில் ஒரு பேஸ் போயிருக்கலாம். பக்கத்து வீடுகளிலும் இதே கதை என்றால் நிறுவனத்தின் வேலை, உங்கள் வீட்டில் மட்டும் என்றால் வயர்மேன் வேலை. விளக்கு மங்கி மின்விசிறி தள்ளாடினால் குறைந்த வோல்டேஜ். ஃபிரிட்ஜ், ஏ.சி., மோட்டார் மூன்றையும் உடனே நிறுத்துங்கள். வோல்டேஜ் குறையும்போது மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்துச் சூடாகிப் புகையும்.

விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால்தான் உண்மையான ஆபத்து. என் மூன்றாவது வாடகை வீட்டில் ஒரு சாயங்காலம் முன்னறை விளக்கு பகல் மாதிரி எரிந்தது. உள்ளறை விளக்கு அதே நேரம் அழுது வடிந்தது. மின்விசிறி காற்று முகத்தில் அறைகிறது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "பல்பு நல்லா எரியுதுன்னு யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்களா தம்பி?" என்று சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் இணைய ரூட்டரின் அடாப்டர் 'பட்'டென்று வெடித்தது. மெயினை இறக்கினேன். வயர்மேன் வந்து மீட்டர் பலகையைத் திறந்தபோது, நியூட்ரல் ஒயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்து, பித்தளை கரியாகிக் கிடந்தது.

நடப்பது இதுதான்: நியூட்ரல் விட்டுப்போனால் வோல்டேஜ் பிடிமானம் இல்லாமல் அலையும். 230 வோல்ட் வரும் ஊர்களில் இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட் இருக்கிறது. லோடு குறைவாக உள்ள பக்கம் அந்த 400-ஐ நோக்கி ஏறும், லோடு அதிகமான பக்கம் இறங்கும். 120 வோல்ட் ஊர்களில் இதுவே 240-ஐ நோக்கி ஏறும். ஆகவே ஒரு விளக்கு பிரகாசமாகி இன்னொன்று மங்கினால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள், போனெல்லாம் அப்புறம். மெயினை இறக்க நான் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடத்தில் ரூட்டர் போனது.

பில் கட்டாததால் துண்டித்துவிட்டார்கள்

பில்லோ பிரீபெய்டு மீட்டரின் பணமோ உங்கள் பொறுப்பில் இருந்து நீங்கள் கட்டாமல் விட்டிருந்தால் பேச ஒன்றுமில்லை, கட்டுங்கள். வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அவர் கட்டாமல் விட்டிருந்தால் கதையே வேறு. கொடுத்ததற்கான அத்தாட்சியைத் தேடி எடுங்கள். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி பாக்கிக்காகத் துண்டிக்கும் முன் குறைந்தது 15 முழு நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸ் உரிமையாளர் முகவரிக்குப் போய் மேசையில் தூங்கியிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாடகைதாரர் செய்யக்கூடிய வேகமான காரியம், "இந்தப் பாக்கியை நான் கட்டி வாடகையில் கழித்துக்கொள்கிறேன், சம்மதமா?" என்று எழுதிக் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டிவிடுவது. ரசீது உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் பகுதிக்கென்று தனியாகச் சப் மீட்டர் வைத்து அவரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அவர் கட்டும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டனில் உரிமையாளர் தான் வாங்கிய விலைக்கு மேல் வாடகைதாரருக்கு மின்சாரத்தை விற்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இணைப்பை உங்கள் பெயரிலேயே வாங்கிவிடலாமே என்று கேட்டால், பல இடங்களில் முடியும். இந்தியச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் நிறுவனம் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. 2022-ல் உச்ச நீதிமன்றம், மின்சாரம் ஒருவரிடமிருந்து பறிக்க முடியாத அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று தெளிவாகவே சொன்னது.

வீட்டுக்காரரே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்

வாடகை பாக்கி, காலி செய்யச் சொல்லியும் செய்யவில்லை, வாடகையை ஏற்ற ஒப்பவில்லை. காரணம் எதுவானாலும் கரண்டை நிறுத்தி ஆளைக் கிளப்புவது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். பாக்கிக்கு வழி நீதிமன்றம். இருட்டில் உட்காரவைப்பது வழி இல்லை. நான் பேசிப் பார்த்த வீட்டுக்காரர்களில் பலர், "என் வீடு, என் கனெக்‌ஷன்" என்று உண்மையாகவே நம்புகிறார்கள். வீடு அவருடையதுதான். அதில் குடியிருக்கும் உரிமையை வாடகைக்கு விற்றுவிட்டார் என்பதை மறந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் மேலே சொன்ன மாதிரிச் சட்டமும் அத்தியாவசியச் சேவையை உரிமையாளர் நேரடியாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்கின்றன. வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் மறுபடி இணைக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அந்த இடைக்கால உத்தரவைத் தனியாகக் கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2006-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மின்சாரத்தை உயிர்நாடியான சேவைகளில் ஒன்றாகவே பட்டியலிட்டு, அதை நிறுத்துவதைத் தடுக்கிறது. கலிபோர்னியாவில் காலி செய்ய வைக்கும் நோக்கத்தில் நிறுத்தினால் நாளொன்றுக்கு 100 டாலர் வரை உரிமையாளர் தண்டம் கட்ட நேரும். இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டு வெளியேற்றத் தடுப்புச் சட்டப்படி இது கிரிமினல் குற்றமாகவே ஆகலாம்.

செய்யக்கூடாதவை இரண்டு: பிடுங்கிய ஃபியூஸை நீங்களே கம்பி கட்டி மாட்டுவது, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது. முதலாவது தீ வைக்கும். இரண்டாவதைப் பல ஊர்களில் மின்திருட்டாகவோ விதிமீறலாகவோ எழுதிவிடுவார்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

சொல்லிவிட்டேன், யாரும் வரவில்லை

எப்படிச் சொன்னீர்கள்? மாடிப்படியில் பார்த்தபோது வாயால் சொன்னது கணக்கில் வராது. பல சட்டங்களில் வீட்டுக்குள் இருக்கும் பழுது பற்றிய உரிமையாளர் கடமை, அவருக்குத் தெரிவித்த கணத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அதனால் தெரிவித்த தேதியும் நேரமும் எழுத்தில் வேண்டும். நான் அனுப்பும் மாதிரி இப்படி:

"வணக்கம் சார். இன்று 14-ஆம் தேதி மாலை 6.40 முதல் வீட்டில் கரண்ட் இல்லை. தெருவிலும் மாடிப்படியிலும் இருக்கிறது. எல்லா பிளக்கையும் உருவிவிட்டுப் பார்த்தேன், சமையலறை லைனைத் தூக்கினால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. வீடியோ இணைத்திருக்கிறேன். ஒயரிங் கோளாறு போலத் தெரிகிறது. நாளை காலை 10 மணிக்குள் ஆள் அனுப்ப முடியுமா? நான் வீட்டில்தான் இருப்பேன். முடியாவிட்டால் நானே லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் பார்த்து, பில்லை உங்களுக்கு அனுப்பட்டுமா என்று சொல்லுங்கள்."

இதில் திட்டு இல்லை. ஆனால் என்ன கோளாறு, எப்போது தொடங்கியது, என்ன சோதித்தோம், என்ன கேட்கிறோம், எப்போதுக்குள் என்பதெல்லாம் இருக்கிறது. நாளை அதிகாரி முன் வைக்க இதைவிட நல்ல தாள் கிடையாது. "நான் வீட்டில்தான் இருப்பேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஆள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது என்பது எங்கள் பக்கத்தினர் வழக்கமாகச் சொல்லும் சாக்கு.

வாடகையை நிறுத்திவிடட்டுமா என்ற ஆசை அடுத்து வரும். அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் 1970-ல் வாஷிங்டன் டி.சி.யின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டை வாழத்தக்கதாக வைப்பதும் வாடகை தருவதும் ஒன்றையொன்று சார்ந்த கடமைகள் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு அங்கே பல மாநிலங்கள் அந்த வழிக்கு வந்தன. அங்கேயும் முறை உண்டு. கலிபோர்னியாவில் நீங்களே பழுதுபார்த்துக் கழிப்பதென்றால் செலவு ஒரு மாத வாடகைக்கு மிகக் கூடாது, 12 மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் கூடாது. இந்திய மாதிரிச் சட்டம், ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இங்கிலாந்தில் வாடகையை நிறுத்தினால் அந்தப் பாக்கியையே காரணம் காட்டி உங்களை வெளியேற்ற வழக்குப் போடலாம். ஆகவே வாடகையைக் கட்டிக்கொண்டே புகார் போடுவதுதான் எனக்குத் தெரிந்த பத்திரமான வழி. கழிப்பதென்றால் உங்கள் ஊர்ச் சட்டத்தின் அந்த ஒரு பிரிவையாவது படித்துவிட்டுக் கழியுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தில் ஒருவர் இருக்கிறார்

இதற்கு வரிசை முறை எதுவும் இல்லை. பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது பாதியாகும் முன் ஆம்புலன்ஸையோ மாற்று இடத்தையோ ஏற்பாடு செய்யுங்கள். மின் நிறுவனத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு முன்னுரிமைப் பட்டியல் இருந்தால் இன்றே பெயரைச் சேருங்கள், பிரிட்டனில் அதற்கென்றே பதிவேடு இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். தெரிந்தும் தாமதித்தார் என்பதற்கும் தெரியாமல் தாமதித்தார் என்பதற்கும் சட்டத்தின் முன் நிறைய வித்தியாசம்.

சொந்தமாக ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமா

அனுமதி கேளுங்கள், பால்கனியில் வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். கதவு, ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வெளியே ஓட வேண்டும். அதை ஒரு பிளக் பாயின்ட்டில் செருகி வீடு முழுக்க ஏற்றுவது கூடவே கூடாது. கரண்ட் தலைகீழாகத் தெருக் கம்பிக்குப் போய், லைனைச் சரிசெய்துகொண்டிருக்கும் தொழிலாளியைக் கொல்லும். இன்வெர்ட்டர் என்றாலும் வீட்டு ஒயரிங்கோடு இணைக்க வீட்டுக்காரர் சம்மதமும் தகுதியான வயர்மேனும் வேண்டும். காலி செய்யும்போது யார் எதை எடுத்துப்போவது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கரண்ட் வந்துவிட்டது, ஆனால் டிவி போய்விட்டது

தெரு லைனில் வந்த ஏற்ற இறக்கம் என்றால் கேட்க வேண்டியது மின் நிறுவனத்தை. வீட்டு ஒயரிங்கில் ஏற்கெனவே எழுதிச் சொல்லியும் அவர் கவனிக்காத கோளாறு என்றால் வீட்டுக்காரரைக் கேட்கலாம். இரண்டும் இல்லாத திடீர்க் கோளாறு என்றால் உங்கள் வீட்டுச் சாமான் காப்பீடு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கைநஷ்டம்.

எதைக் கேட்பதென்றாலும் பழுதான பாகம் கையில் வேண்டும். என் ரூட்டர் விஷயத்தில் அந்தக் கரிந்த திருகை நான் போட்டோ எடுக்கவில்லை. வயர்மேன் புதியதை மாட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வீட்டுக்காரர் கேட்டார்: "திருகு லூஸா இருந்துச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?" என்னிடம் பதில் இல்லை. ரூட்டருக்கு நானே பணம் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த வயர்மேன் வந்தாலும் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு படம், திறந்த பின் ஒரு படம் எடுக்கிறேன். கழற்றிய பாகத்தை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்துக்கொள்கிறேன்.